பிலிப்பா வீட்டு இலையுதிர்கால டீ

என் தம்பி வில்ஃப் ஐம்பத்தெட்டாவது வயதில் கல்யாணம் செய்துகொண்டான். அதுவரைக்கும் அவனுக்கு மூன்றே வேலைகள்: ஊர்க் குழாய்களை ரிப்பேர் செய்வது, பித்தளை வாத்தியக் கோஷ்டியில் பெரிய கொம்பு ஊதுவது, என் வீட்டில் சாப்பிடுவது. போன ஜூன் மாதம் கோஷ்டியோடு கடற்கரைக்கு வாசிக்கப் போனான். அங்கே லண்டன் பக்கத்திலிருந்து வந்திருந்த பிலிப்பா என்ற பெண்மணியின் தொப்பி காற்றில் பறந்துவந்து கொம்புக்குள் விழுந்துவிட்டதாம். ஜூலையில் கல்யாணம். தொப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்டேன். அவன் கொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் வடக்கத்தி யார்க்ஷர் பள்ளத்தாக்கில் வெளியூர்க்காரர்களைச் சேர்த்துக்கொள்ள முப்பது வருஷம் ஆகும். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் என்றால் இருபத்தைந்து. நாங்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. வாயைத் திறந்தால் உடம்பின் சூடு வெளியே போய்விடும் என்று வளர்க்கப்பட்டவர்கள், அவ்வளவுதான். பிலிப்பாவோ கடைக்குப் போகிற வழியில் நாய், பூனை உட்பட எல்லோருக்கும் வணக்கம் சொல்லுவாள். நாங்கள் தலையை அசைப்போம். சிலர் அதையும் அவசரத்துக்கென்று மிச்சம் பிடித்து வைப்பார்கள்.

அக்டோபர் முதல் வாரம் அவள் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். கையுறையைக் கூடக் கழற்றவில்லை. இந்த மாதக் கடைசியில் தன் தங்கை வீட்டுக்கே போய்விடலாம் என்று யோசிப்பதாகச் சொன்னாள். தங்கை ஓர் அறையை ஒழித்துப் போட்டு வைத்திருக்கிறாளாம். என்ன விஷயம் என்று கேட்டேன். தினமும் இரவு எட்டு மணிக்கு மேஜையில் மெழுகுவத்தி ஏற்றி, விதவிதமாகச் சமைத்து வைக்கிறாளாம். வில்ஃப் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு முள்கரண்டியால் தட்டில் கோலம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம்.

"சாப்பாடு பிடிக்கலைன்னா வேற சமைப்பேன், வின்னி. என்னையே பிடிக்கலைன்னா நான் என்ன பண்றது?"

எனக்குப் பாவமாக இருந்தது. அவன்தான் என் வீட்டில் டீ சாப்பிட்டுவிட்டு வருகிறானே, உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும், தினமும் சொல்லுகிறார், அக்காவும் தம்பியும் சேர்ந்து டீ சாப்பிடுவது நல்லதுதானே என்றாள். அவளுக்கு எவ்வளவு பெரிய மனசு! தெற்கத்திக்காரர்களுக்கு வயிற்றின் கொள்ளளவு தெரியாது போலிருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஊரில் ஒருவரும் தன் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை என்பது அவளுடைய அடுத்த குறை. அதனால் கடைசியாக ஒருமுறை முயற்சி செய்து பார்க்கப் போகிறாளாம். கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். மூலையில் ஒரு மேப்பிள் இலை ஒட்டி, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: இலையுதிர்கால டீ, சனிக்கிழமை நாலு மணி. இதுவும் சரிப்பட்டு வராவிட்டால் தங்கைக்குக் கடிதம் போட்டுவிடுவேன் என்றாள். அட்டை எல்லோருக்கும் புரியும்படி இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். நன்றாகப் புரிகிறது என்று நான்தான் சொன்னேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போனால் போகட்டுமே என்று எனக்குள் ஒரு மூலையில் தோன்றியது. வேலை முடிந்து ஐந்து மணிக்கு வில்ஃப் என் வீட்டு மேஜையில் வந்து உட்காருவான். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் காலையிலிருந்து உருளைக்கிழங்கு உரிக்கிறேன். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவன் குழாய் முடுக்கும்போது சீட்டி அடிக்கிறான். நாற்பது வருஷமாக நான் கேட்காத சீட்டி அது. என் புத்தியை நானே திட்டிக்கொண்டு, எங்கள் தெரு எட்னாவின் வீட்டுக்குப் போய், சனிக்கிழமை வராவிட்டால் இனிமேல் என் முகத்தில் விழிக்காதே என்று மிரட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் ஊரில் டீ என்றால் சாயங்காலச் சாப்பாடு. குழம்போடு இறைச்சி, உருளைக்கிழங்கு, அதற்குமேல் சூடாக இனிப்புப் புட்டிங். குவளையில் ஊற்றிக் குடிப்பது டீத்தண்ணி, அது தனி. பிரபுக்கள் வீட்டில் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு என்னவோ செய்வார்கள் என்று டிவியில் பார்த்திருக்கிறோம். அதற்குப் பெயரும் டீதான் என்று யாருக்குத் தெரியும்? டீக்குக் கூப்பிட்டிருக்கிறாளே என்று சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. எட்னாவின் வீட்டுக்காரர் கிளிஃபர்ட் காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டார். தபால்காரர் ஏமஸ் இடுப்பில் நாடா வைத்த கால்சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

உள்ளே போனால் வீடு முழுக்கக் காடு. நாற்காலியில் இலை, ஜன்னலில் இலை, மேஜை நெடுக சிவப்பும் மஞ்சளுமாய் இலை. நடுவில் பூசணிக்காய்கள், பைன் காய்கள், சாமந்தி. ஒவ்வோர் இலையையும் மெழுகுத்தாளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டேன், மூன்று நாளாயிற்று என்று பிலிப்பா என்னிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது ஏமஸ் மேஜையில் பாதியைச் சுத்தம் செய்து முடித்திருந்தார். காற்றில் குப்பை உள்ளே வந்துவிட்டதே, வீட்டுக்காரம்மா பார்த்தால் வெட்கப்படுவார்களே என்று, யாருக்கும் தெரியாமல் இலைகளை வாரி அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அத்தனை நல்ல மனசு.

பிலிப்பா ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு சிரித்தபடி மூன்றடுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மேலடுக்கில் இலை வடிவத்தில் வெட்டிய வெள்ளரிக்காய் சாண்ட்விச். நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூசணிக் கேக். கீழே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அது தன்னுடைய பங்கு என்று நினைத்துக் கிளிஃபர்ட் இரண்டு வாயில் முடித்துவிட்டார். மற்ற இரண்டு அடுக்கையும் நாங்கள் ஒரு மரியாதைக்கு எடுத்துக்கொண்டோம். நாலு மணி ஏழு நிமிஷத்துக்குத் தட்டு காலி.

அதற்குப் பிறகு நாங்கள் காத்திருந்தோம். பசியைத் தூண்ட முதலில் இப்படி ஏதாவது கொடுப்பது தெற்கத்தி வழக்கமாக இருக்கும், சாப்பாடு பின்னால் வரும் என்று எல்லோரும் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிலிப்பா எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீத்தண்ணி மட்டும் வந்துகொண்டே இருந்தது. நான் ஐந்து கோப்பை குடித்தேன். மலைகள், மழை, மறுபடி மழை என்று அவள் ஒவ்வொன்றாகப் பேச்செடுத்தாள், நாங்கள் ஆமாம் சொன்னோம். அமைதியான நேரங்களில் ஏமஸின் வயிறு பேசியது. கொஞ்ச நேரத்தில் எட்னாவின் வயிறு அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியது.

கிளிஃபர்டின் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை இருந்தது. அதன்மேல் கிண்ணத்தில் உலர்ந்த ஆரஞ்சுத் தோல், லவங்கப்பட்டை, காய்ந்த ரோஜா இதழ் எல்லாம் வாசனைத் தைலம் தெளித்து வைத்திருந்தது, அறை மணப்பதற்காக. அவர் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். மென்றார். வெகுநேரம் மென்றார். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் இன்னொரு பிடி எடுத்தார். பிலிப்பா கோப்பையை நடுவழியில் நிறுத்தி அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதைக் கண்டதும், பாராட்டாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"கொஞ்சம் சோப்பு வாடை அடிக்குது. மத்தபடி மோசமில்லை."

எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. கிளிஃபர்ட் தன் கல்யாணத்தன்று எட்னாவைப் பார்த்துச் சொன்னதும் அதேதான். ஆனால் பிலிப்பாவின் கண் நிறைந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தாள். போச்சு, கடிதம் எழுதப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வில்ஃப் ஒன்றும் புரியாமல் அவளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். கடைசியில் எட்னாவுக்குப் பசி பொறுக்கவில்லை.

"டீ எப்பக் கண்ணு வரும்?" என்று கேட்டாள்.

"குடிச்சுட்டுத்தானே இருக்கீங்க?"

"இது டீத்தண்ணி. நான் டீயைக் கேக்கறேன்."

பிலிப்பா தேநீர்க் கெண்டியைப் பார்த்தாள், எட்னாவைப் பார்த்தாள். எட்னா குரலைத் தாழ்த்தி, காது கேளாதவரிடம் சொல்வதுபோல ஒவ்வொன்றாக விளக்கினாள். இறைச்சி. உருளைக்கிழங்கு. குழம்பு. அதைத்தான் ஊரில் டீ என்பார்கள். உன் வீட்டுக்காரர் தினமும் ஐந்து மணிக்கு வின்னி வீட்டில் சாப்பிடுகிறாரே, அது. திங்கட்கிழமை ஸ்டூ, செவ்வாய்க்கிழமை சாசேஜ், புதன்கிழமை ஈரலும் வெங்காயமும், வாசனை எங்கள் தெரு முழுக்க வரும் என்று சொல்லிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் மேல் புட்டிங், வில்ஃபுக்கு எப்போதும் இரண்டு கிண்ணம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதமாக இவன் தினமும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான், இவள் தினமும் ஒரு கோப்பையைத்தான் நினைத்திருக்கிறாள். பிலிப்பா மெதுவாகத் தன் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"தினமும் இத்தனையும் சாப்பிட்டுட்டா வர்றே?"

"டீ சாப்பிட்டாச்சுன்னு தினமும் சொன்னேனே," என்றான் அவன்.

"அப்புறம் எட்டு மணிக்கு ஏன் மறுபடி உக்காந்தே? வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

வில்ஃப் தன் கைகளைப் பார்த்தான். காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வருஷமாக அவன் கூடவே இருப்பவள் நான், அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"நீ மெழுகுவத்தி ஏத்தி வச்சிருந்தியே," என்றான்.

வயிறுகள் கூட வாயை மூடிக்கொண்டன. பிலிப்பா அவனுடைய இடுப்பைப் பார்த்தாள். ஜூலைக்குப் பிறகு பெருத்துப் பெருத்து, மூன்றுமுறை பெல்ட்டில் புது ஓட்டை போட்ட இடுப்பு. அவளுக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன், சிரிக்கிறாள். சிரித்துச் சிரித்து மேஜையில் மிச்சமிருந்த இலைகளின்மேல் தலையைச் சாய்த்துவிட்டாள். பிறகு எழுந்து, நெற்றியில் ஒட்டிய ஓர் இலையோடு எங்களைத் திட்ட ஆரம்பித்தாள். பட்டினியாகக் கிடந்தவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை, கல்லுச் சிலை மாதிரியா உட்காருவது, அறை மணக்க வைத்ததைத் தின்கிற மனுஷன் இது என்ன என்று ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா என்று ஐந்து நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். எங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இத்தனை நாளாக வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு இப்படித் திட்டவும் தெரியும் என்று யாருக்குத் தெரியும்? ஏமஸ் நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வில்ஃபை மீன் வறுவல் கடைக்கு விரட்டினாள். காகிதத்தை விரித்து எல்லோரும் கையாலேயே சாப்பிட்டோம். கிளிஃபர்ட் ஏப்பம் விட்டபோதெல்லாம் வீடு லவங்கப்பட்டையாய் மணந்தது.

கிளம்பும்போது பிலிப்பா என்னை வாசலில் நிறுத்தினாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நாளையிலேர்ந்து வில்ஃப் உங்க வீட்டுக்கு டீக்கு வர மாட்டார், வின்னி."

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அவள் இருக்கப் போகிறாள், என் தம்பி சீட்டி அடிக்கப் போகிறான், நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு நடந்துபோகும்போது நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போலிருந்தது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பழக்கத்தில் ஆறு உருளைக்கிழங்கு எடுத்து, நாலைத் திரும்பப் பையில் போட்டேன். ஒருத்திக்குச் சமைப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. பாத்திரத்தில் தண்ணீர் எவ்வளவு ஊற்றுவது என்று கூடத் தெரியவில்லை. அடுப்பைப் பற்றவைக்காமல் அப்படியே நின்றேன்.

ஐந்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது கதவைத் தட்டினார்கள். பிலிப்பா, தலைமுடியெல்லாம் மாவு.

"என்ன, இன்னும் கிளம்பலையா? டீ ஆறிடும்," என்றாள்.

என்னைக் கூப்பிடவே இல்லையே என்றேன். சாப்பிட வீட்டு மனுஷிக்கு யாராவது அட்டை எழுதுவார்களா என்று எரிந்து விழுந்தாள்.

ஸ்டூ வைத்திருந்தாள். அதில் போட்ட மாவு உருண்டைகளைக் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. வில்ஃப் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான், இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டான். எப்படி இருக்கிறது, வாயைத் திறந்து சொல்லுங்கள், இனிமேல் இந்த வீட்டில் தலையாட்டல் எல்லாம் செல்லாது என்று பிலிப்பா என்னைப் பார்த்தாள். என் சாப்பாட்டை இன்னொருத்தி சமைத்து, நான் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே ஞாபகமில்லை. கண் கரித்தது. இருந்தாலும் கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, உப்பு அதிகம் என்றேன்.

"நாளைக்குக் குறைச்சுடறேன்," என்றாள்.

நான் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி போடச் சொன்னேன்.