கரன்ட் போனால் திறக்கும் கதவு

கேமராக்காரர் பெட்டியைப் பிரித்து மேசைமேல் கடை பரப்பிவிட்டார். உருண்டைக் கேமரா, நீளக் கேமரா, கதவில் ஒட்டும் சென்சார், ஊரையே எழுப்பும் சைரன். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த கிரேன்காரர் ஒவ்வொன்றையும் எடுத்துக் கையில் எடை பார்த்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதைத் தொட்டாலும் எடை பார்க்கும் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

"திருடன் வந்தா இது பிடிக்குமா, படம் மட்டும் எடுக்குமா?"

"படம்தான் சார் எடுக்கும். பளிச்னு எடுக்கும்."

"அப்ப கல்யாண வீட்டுக்குக் கொண்டு போப்பா."

கேமராக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கிரேன்காரரின் மனைவியும் சிரித்தாள். இப்படி ஒரு பேச்சு வந்தால் போதும், மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று அவளுக்கு நெஞ்சு துள்ளும். அடுத்த நிமிடமே அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்களும் கேமரா வாங்க வந்தீங்களா?"

"ஆமாங்க" என்றாள். இல்லை என்று சொல்லிச் சண்டை போட்ட காலமெல்லாம் முடிந்துவிட்டது.

கேமராக்காரரைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "எனக்குத் திருடன் பயமில்ல தம்பி. எடுத்துட்டுப் போக இங்க என்ன இருக்கு? உள்ள இருக்குறவர் வெளிய போகக் கூடாது. அதுக்கு ஏதாவது இருக்கா?"

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. முதலில் வெளியே பூட்டுப் போட்டுவிட்டுத்தான் போய்வந்தாள். போன புயலில் கடல் தெருவுக்குள் வந்துவிட்டது. பாலத்தை மூடிவிட்டார்கள். அவள் அந்தக் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டை உடைத்து அவரை வெளியே எடுத்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் அலமாரியைப் பிடித்தபடி நின்றிருந்தாராம். அதன்பிறகு அவள் பூட்டைத் தொடவே இல்லை. பூட்டாமல் போனாள். அவர் கதவைத் திறந்து கடலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். ஒருமுறை அலையில் முழங்கால் நனைய நின்றவரை யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார்கள்.

"புரியுது அக்கா. கேமரா இந்த உப்புக் காத்துல வருஷத்துக்குள்ள கண்ணு மங்கிடும். சென்சாரும் சரிப்படாது. எதிர் வீட்ல இருக்கே, இடி இடிச்சாலே அலறுது. இப்ப அது அலறினா யாராவது எட்டிப் பாக்குறாங்களா? உங்களுக்குக் கரன்ட்ல வேலை செய்யுற பூட்டுதான் சரி. உள்பக்கம் கைப்பிடி வேலை செய்யாது. கடையில இருந்துக்கிட்டே போன்ல திறந்து விட்டுரலாம்."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. கேமராக்காரர் விடவில்லை.

"ஆனா ஒண்ணு நீங்கதான் சொல்லணும். புயல்ல கரன்ட் போயிடும், போன் டவரும் போயிடும். பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். இந்த வெயிலுக்கு அதுவும் உப்பிப் போயிடும். எல்லாம் போனப்புறம் கதவு தானா திறந்துக்கணுமா, பூட்டியே இருக்கணுமா? ரெண்டு மாதிரியும் வெக்கலாம்."

அவள் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். திறந்தால் தெரு. பூட்டினால் தண்ணீர்.

அந்த நேரம் பார்த்து நாத்தனாரின் போன் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் பொரிந்து தள்ளினாள். "எங்கண்ணனை ஜெயில்ல போடுறீங்களா அண்ணி? தண்ணி வந்தா என்ன பண்ணுவாரு? கொஞ்சமாவது மனசு இருக்கா?"

"மனசு இருக்கு. ஆள்தான் இல்ல. நீ வந்து ஒரு வாரம் பக்கத்துல இரேன்."

"எனக்கு இங்க தலைக்குமேல வேலை அண்ணி" என்று அந்தப் பக்கம் குரல் இறங்கியது.

போனை வைத்துவிட்டு வந்து, "திறந்துக்குற மாதிரியே போடுங்க தம்பி" என்றாள். தண்ணீர் வந்தால் சாவு நிச்சயம். தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

பூட்டை மாட்டி முடித்ததும் கேமராக்காரர் சோதித்துக் காட்டினார். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மெயினை அணைத்தார். கதவு 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. கூடத்தில் மின்விசிறி தள்ளாடிச் சுற்றி நின்றது.

கிரேன்காரர் நிமிர்ந்தார். கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். எழுந்து, கொஞ்சமும் தடுமாறாமல் கதவை இழுத்துத் திறந்துகொண்டு இறங்கிப் போய்விட்டார்.

"சார்! சார்!" என்று கேமராக்காரர் வாசலில் நின்று கூப்பிட்டார். அவள் செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். கொதிக்கும் தெருவைத் தாண்டி, கடல் தடுப்புச் சுவரின் மேல் காலைத் தொங்கப்போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். கீழே அலை பாறையில் மோதிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமான புதிதில் கரன்ட் போகாத நாளில்லை. மின்விசிறி நின்றதும், "எந்திரி, காத்து வாங்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இங்கேதான் வருவார். விளக்கு வந்தபிறகும் எழுந்திருக்க மாட்டார்கள். அவள் பெயர், முகம், அத்தனை வருஷக் குடித்தனம் எல்லாம் மறந்த மனிதருக்கு, மின்விசிறி நின்றால் எங்கே போக வேண்டும் என்பது மட்டும் காலுக்குள் இருந்தது. புயல் அடிக்கும், கரன்ட் போகும், கதவும் திறந்துகொள்ளும். நேரே இங்கே வந்து அவளுக்கு இடம் விட்டு உட்காருவார். அந்த அலையில் தெருவில் எந்த நாலு பேர் இருப்பார்கள்?

அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "மாத்திப் போடுங்க தம்பி. கரன்ட் போனாலும் பூட்டியே இருக்கட்டும்."

"தண்ணி வந்தா அக்கா? உள்ள ஒரு பட்டன் வெக்கலாமா, அவசரத்துக்கு?"

"பட்டன் இருந்தா அழுத்திடுவார். மேகம் கறுத்தா நான் வேலைக்குப் போகாம இருந்துக்கிறேன்." சொல்லும்போதே, போன புயலன்று காலையில் வெயில் எப்படிக் காய்ந்தது என்று அவளுக்கு நினைவு வந்தது.

கேமராக்காரர் திருகாணிகளை மறுபடி கழற்றி, வயரை மாற்றி முடுக்கினார். வெளியில் இருந்து திறக்க ஒரு சாவியை அவளிடம் கொடுத்தார். மீண்டும் மெயினை அணைத்தார்.

மின்விசிறி நின்றது. கிரேன்காரர் எழுந்தார். கதவை இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு அவள் பக்கம் திரும்பி, அந்நியப் பெண்ணிடம் பேசும் மரியாதையோடு கேட்டார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்ல அங்க சுவத்துல வந்து காத்துக்கிட்டிருப்பா. தனியா இருந்தா பயந்துக்குவா. இதைக் கொஞ்சம் திறந்து விடுங்களேன்."

கேமராக்காரர் மெயின் பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவர் பக்கத்தில் போய் நின்று, கைப்பிடியில் இருந்த அவர் கைமேல் தன் கையை வைத்து, அவரோடு சேர்ந்து இழுப்பதுபோல் இழுத்தாள்.

"ஆமாங்க" என்றாள். "திறக்க மாட்டேங்குதே."