முப்பதாயிரம் தடவை ஓடிய பாட்டு

அற்புதம் டீச்சர் செய்ததைத் திருட்டு என்று யாரும் சொல்ல முடியாது. பொய் என்றுகூடச் சட்டென்று சொல்லிவிட முடியாது. செய்யும்போது அவளுக்கே அது கொஞ்சம் சாமர்த்தியமாகத்தான் பட்டது.

டீச்சர் என்றதும் பள்ளிக்கூட டீச்சர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நாகலூருக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில், பழம் பறிக்கப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பால்வாடியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள். வயது நாற்பத்தேழு. ஆனால் அவளைக் கேட்டால் முதலில் தன்னைப் பாடகி என்றுதான் சொல்வாள். சேலத்துக்குப் போய், ஸ்டுடியோவில் காதுக்கு ஹெட்போன் மாட்டி, மாதா பாட்டுகளாக இரண்டு சி.டி. போட்டவள் அவள்.

அந்தக் காலத்தில் விற்பனைக்கு ஒரு மேஜை போதும். ஏற்காடு, அடிவாரம், சேலம் என்று எங்கே தேர்த்திருவிழா நடந்தாலும் கோயில் வாசலில் மேஜையைப் போட்டு, சின்ன பிளேயரில் தன் பாட்டை ஓடவிட்டு உட்கார்ந்துவிடுவாள். போகிறவர்கள் நிற்பார்கள். ஒரு சரணம் முழுக்கக் கேட்பார்கள். "நீங்களா பாடுனது?" என்று கேட்டு முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே அவள் மூன்று பஸ் மாறிப் போவாள்.

பிறகு செல்போன் கடைக்காரர்கள் மெமரி கார்டில் ஐந்நூறு பாட்டை மொத்தமாக ஏற்றிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கும் பிறகு மெமரி கார்டே வேண்டாம் என்றாகிவிட்டது. புதுக் காரில் சி.டி. போடுகிற வாயே கிடையாது. போன வருஷம் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு பீன்ஸ் தோட்டத்தில், குருவி விரட்டக் கயிற்றில் கட்டிய சி.டி.யில் அச்சடித்த தன் முகம் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று ஜன்னலை மூடிக்கொண்டாள்.

அப்புறம்தான் அவளும் யார் யாரையோ கேட்டுத் தன் பாட்டுகளைப் போனில் கேட்கிற ஆப்பில் ஏற்றினாள். அங்கே மேஜையும் இல்லை, நின்று கேட்கிற முகமும் இல்லை. பாட்டுக்குக் கீழே, எத்தனை தடவை ஓடியது என்று ஒரு எண் மட்டும் இருந்தது.

அந்த எண்தான் அவளை மாட்டிவைத்தது. நவம்பரில், ஊர் மாதா கோயில் திருவிழாக் கமிட்டியில் பாட்டுக் கச்சேரியைப் பார்த்துக்கொள்கிற ஸ்டெபின் பால்வாடி வாசலில் வண்டியை நிறுத்தினான். மைக் செட் கடை வைத்திருப்பவன், நல்ல பையன், மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. மேடைக்கு நொம்பப் பேரு கேக்கறாங்க. யாரு பாட்டை எத்தனை பேரு கேட்டிருக்காங்கன்னு பாத்துக் கூப்படலாமுன்னு கமிட்டியில பேசிட்டாங்க. உங்க மாதா பாட்டு இருநூத்திப் பன்னண்டு தடவைதானுங்க ஓடியிருக்குது."

அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் பாதி அவளே போட்டுக் கேட்டது. அதை அவனிடம் சொல்லவா முடியும்? பத்தொன்பது வருஷமாக அந்த மேடையில் பாடுகிறவள். இந்த வருஷம் கீழே நாற்காலியில் உட்கார வேண்டுமா?

மறுநாள் காலையிலேயே காரியத்தில் இறங்கினாள். பிள்ளையை விட வந்த பெண்களிடம், "போனைக் கொஞ்சம் குடு கண்ணு, என் பாட்டைப் போட்டுத் தர்றேன். சாயங்காலம் வரைக்கும் ஓடட்டும், டேட்டா சும்மாத்தானே கெடக்குது" என்றாள். ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. தங்கள் பிள்ளைக்குச் சளி துடைத்து, சோறூட்டி, தூங்கவைக்கிறவள் கேட்கும்போது எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? அது அற்புதத்துக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

வேலை நேரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டால் மேஸ்திரி வைவார். அதனால் தினமும் காலையில் பதினாலு போனையும் மேஜையில் வரிசையாக வைத்து, பாட்டைத் தேடி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடும்படி செய்து, சத்தத்தை அடியோடு குறைத்துக் கையில் கொடுத்துவிடுவாள். பெண்கள் அதைச் சோற்றுத் தூக்குப்போசியோடு பையில் போட்டு மரக்கிளையில் மாட்டிவிட்டுப் பழம் பறிக்கப் போவார்கள். காட்டில் மிளகுக் கொடிக்கு அடியில் பதினாலு அற்புதங்கள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் எடை போட்டுத் திரும்பியதும் அவளே போனை வாங்கி நிறுத்துவாள். ராத்திரி எண்ணைப் பார்த்தால் ஆயிரம் கூடியிருக்கும். முதல் நாள் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் போனதும், உண்மையாகவே எங்கேயோ யாரோ கேட்கிறார்கள் என்று அவளே நம்பத் தொடங்கினாள். மனுஷ மனசுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. பொங்கலுக்குள் எண் முப்பதாயிரத்தைத் தாண்டியது.

ஸ்டெபின் ஓடிவந்தான். "அக்கா, எங்கீங்க இருந்தீங்க இத்தனை நாளா! கடைசிப் பாட்டு உங்களுதுதான்" என்றான். கடைசிப் பாட்டு என்றால் பெரிய பாடகர்களுக்குக் கொடுக்கிற இடம். அவள் புதுப் புடவை எடுத்தாள்.

பிப்ரவரியில் திருவிழா. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் பனி இறங்கிவிட்டது. கூட்டம் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் எஸ்டேட் பெண்கள், பதினாலு பேரும். கோயிலுக்கு வருகிறவர்கள், வராதவர்கள் எல்லோரும் டீச்சர் பாடப்போகிறாள் என்று தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தார்கள்.

ஸ்டெபின் மைக்கைப் பிடித்தான். "அடுத்தது நம்ம அற்புதம் அக்கா. முப்பதாயிரம் தடவை கேட்ட பாட்டுங்க! நம்ம மலைப் பாட்டு! உங்களுக்கு நான் சொல்லோணுமா? பல்லவி வந்தா எல்லாரும் சேந்து பாடோணும்!"

அற்புதம் பாடினாள். குரலில் ஒரு குறையும் இல்லை.

"கல்லுக் குகைக்குள்ளே கண்மலர்ந்த தாயே, கால்வலிக்க ஏறி வந்தேன் கதவேது உனக்கு…"

முதல் சரணம் முடிந்தது. பல்லவி வருகிற இடத்தில் ஸ்டெபின் கையைத் தூக்கி வாத்தியத்தை நிறுத்தினான். மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான். கூட்டம் பாடுவதற்காக எல்லாக் கச்சேரியிலும் செய்கிற வழக்கம் அது.

ஒருவரும் பாடவில்லை. எங்கேயோ ஒரு குழந்தை இருமியது. ஸ்டெபின் மைக்கில் கோளாறு என்று நினைத்து ஒயரை ஆட்டிப் பார்த்தான். "சத்தமா! சத்தமா!" என்றான். முன்வரிசைப் பெண்கள் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் சிரித்த சிரிப்பு. அப்புறம் அவர்களில் காமாட்சி என்பவள் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள்.

பாதர், கமிட்டி, ஊர் எல்லாம் அற்புதத்துக்கு மறந்துபோனது. அந்தப் பதினாலு முகங்களைத்தான் பார்க்க முடியவில்லை. இரண்டு மாதம் தன் பாட்டைச் சுமந்த பெண்களுக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியவில்லை. தெரியாதபடி பார்த்துக்கொண்டவள் அவளேதான். பல்லவியைத் தனியாகப் பாடி முடித்துவிட்டு, கும்பிடுகூடப் போடாமல் மேடையின் பின்பக்கமாக இறங்கினாள்.

ஜெனரேட்டர் பக்கத்தில் காமாட்சி அவளைப் பிடித்துவிட்டாள். இடுப்பில் பால்வாடிக்கு வருகிற குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க டீச்சர், நான் இந்தத் திருவிழாவுக்கு வந்ததே இல்லீங்க, இப்படிப் பாடுவீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க. கால்வலிக்க ஏறி வந்தேன்னு பாடுனீங்களே, மூட்டையத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறுறாப்புல இருந்துச்சுங்க. அழுவாச்சியே வந்துருச்சு." அவள் போனை நீட்டினாள். "இந்தப் பாட்டையும் இதுல போட்டுக் குடுங்க. ஊட்டுல வெச்சுக் கேக்கறனுங்க."

அற்புதம் போனை வாங்கினாள். ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"இதுதான் காமாட்சி" என்றாள். "தெனமும் உன் பையில ஓடுனது இந்தப் பாட்டுதான்."

காமாட்சி போனைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். அவளுக்குக் கோபமே வரவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"அப்பறம் ஏனுங்க டீச்சர், எங்களை ஒரு தடவகூடக் கேக்கச் சொல்லலீங்க?"