அருவருப்புப் பாடம்

புண்களுக்குக் கட்டுப் போடும் கட்டு சிஸ்டருக்கு மூக்கு என்று ஒன்று இருக்கிறதா என்று மருத்துவமனையில் பலருக்குச் சந்தேகம். மற்ற நர்சுகள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுகிற புண்ணை அவள் குனிந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பாள். உண்மையில் அங்கே இருந்த மூக்குகளிலேயே நல்ல மூக்கு அவளுடையதுதான். கட்டைப் பிரிப்பதற்கு முன்பே, வாடையை வைத்தே, புண் ஆறுகிறதா அழுகுகிறதா என்று சொல்லிவிடுவாள். அருவருப்பு மட்டும் வராது. சீழ் என்றால் அவளுக்குச் சீழ், அவ்வளவுதான். துடைத்தால் போய்விடும்.

அவளுக்கு வந்த சங்கடம் புண்ணால் வந்ததில்லை, இங்கிலீஷால் வந்தது. மருத்துவமனைக்குப் புதிய நிர்வாகம் வந்தது. வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? இனி ஒவ்வொரு புண்ணையும் அதற்குரிய இங்கிலீஷ் சொல்லால்தான் கணினியில் பதிய வேண்டும், அதற்கு ஒரு பரீட்சை உண்டு, தேறாதவர்கள் துணி வெளுக்கும் பகுதிக்குப் போகலாம் என்று உத்தரவு போட்டார்கள். அதுவரை அவள், "மஞ்சளாப் படிஞ்சிருக்கு டாக்டர், ஓரமெல்லாம் ஊறிப் போயிருக்கு" என்று வாயால் சொல்லி வேலையை ஓட்டியவள். கட்டுப் போடும் அறையை விட்டுவிட்டு விரிப்புகளை மடித்துக்கொண்டு உட்காருவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஒரே சொல்லைப் பக்கம் முழுக்க எழுதினாள். கை வலித்ததுதான் மிச்சம். அட்டைகளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். நீராவியில் மை வழிந்து போயிற்று. தன் குரலையே செல்போனில் பதிந்து பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போனாள். அது தாலாட்டு மாதிரி இருந்ததில், தூங்கிப்போய் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனாள். "எனக்கு இங்கிலீஷ் சுட்டுப் போட்டாலும் வராதுங்க" என்று கணவனிடம் புலம்பினாள். அவன் ஒரு குளிர்கிடங்கில், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டியை ஓட்டுகிறவன். "அந்த வண்டிய நான் பழகலையா? வரும், வரும்" என்பான். சர்க்கரை நோய்க்காரன் அவன். தன் தேநீரை வெறுமனே வைத்துக்கொண்டு, அவளுடையதில் மட்டும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கி, படிக்கிற மேஜைக்கே கொண்டுவந்து வைப்பான்.

யாரோ சொன்னார்கள் என்று கடைசியில் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். அந்த வகுப்பை நடத்திய ஆளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று பார்த்தால் வாய் வரமாட்டேன் என்கிறது. உள்ளே நுழைவதற்கு முன்பே அவருடைய வாசனைத் திரவியம் நுழைந்துவிடும். வாசனை மாஸ்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மோதிர விரலால் மீசையை நீவிக்கொண்டே பேசுவார். முதல் நாளே ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தேநீரில் முக்கி, அது வெளுத்து, ஊதி, தொங்குகிறவரை பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுதான் மேசரேஷன். ஈரத்துலயே கெடந்து ஊறிப்போன தோல். இதை ஒரு ஆளோட உள்ளங்கால்னு நினைச்சுக்கங்க" என்றார். பிறகு அதை வாயில் போட்டுக்கொண்டு விரலையும் நக்கினார். வகுப்பே "சீ" என்று முகத்தைத் திருப்பியது. "பாத்தீங்களா? இந்த வார்த்தையை இனிமே சாகறவரைக்கும் மறக்க மாட்டீங்க. அழகா இருக்கறதெல்லாம் மறந்துடும். அசிங்கம் மறக்காது. ஒரு வார்த்தை, ஒரு பொருள், ஒரு அசிங்கம். இவ்வளவுதான் என் முறை."

கட்டு சிஸ்டருக்கு ஒரு சந்தேகம். "சார், நான் தினமும் நிஜப் புண்ணே பாக்கறேனே. அது மேலயே வார்த்தையை வெச்சுப் படிக்கக் கூடாதா?"

"அங்கதான் உங்களுக்கு அருவருப்பே வராதே, சிஸ்டர்! அருவருப்பு வராத இடத்துல வார்த்தை ஒட்டாது. வீட்டுக்குப் போங்க. சுத்தமா, பிரியமா எதெல்லாம் வெச்சிருக்கீங்களோ, அது மேல பூசுங்க."

அவள் போய்ப் பூசினாள். புண்ணின்மேல் மஞ்சளாகப் படியும் செத்த சதைக்கு ஸ்லஃப் என்று பெயர். அதைக் காலையில் அவித்த முட்டையின் மேல் வைத்தாள். கசியும் நீருக்கு எக்ஸுடேட். அதைத் தேன் பாட்டிலின் வாயில் வழிய விட்டாள். கறுத்துச் செத்துப்போன இடம் நெக்ரோசிஸ். தீய்ந்த ரொட்டியின் ஓரத்தில் அது உட்கார்ந்துகொண்டது. ஆச்சரியம், அத்தனையும் ஒட்டின! பக்கம் பக்கமாக எழுதியும் நாக்கில் நிற்காத சொற்கள், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தன. என்ன, முட்டை போயிற்று, தேன் போயிற்று, ரொட்டி போயிற்று. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாலே வயிற்றைப் பிரட்டியது. பரீட்சை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு படித்தாள்.

பொருள்கள் தீர்ந்தன, சொற்கள் தீரவில்லை. மாஸ்டரிடம் போய் நின்றாள்.

"பொருள் இல்லேன்னா ஆள். தினம் பாக்கற ஆளா இருக்கணும். வீட்டுக்காரர் இருக்காரில்ல?" என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருக்கிறது.

அன்று சாயங்காலம் அவனுக்கு எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தாள். கழுத்தின் மடிப்பில் ஒரு சொல். மென்று கொண்டிருக்கும் வாயின் ஓரத்தில் ஒரு சொல். பாத்திரம் கழுவிவிட்டு வந்த ஈர விரல்களின் இடுக்கில் ஒன்று, காதுமடலுக்குப் பின்னால் ஒன்று. ஒவ்வொன்றாக, கண்ணை எடுக்காமல், தோல் பிரிகிறது, நீர் வடிகிறது என்று மனதுக்குள் வரைந்தாள்.

"என்ன, அப்படிப் பாக்கற?"

"படிக்கறேங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. பாவம், அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் குளித்து, தலை சீவி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான். அவள் அந்த வெளுத்த சட்டைக் காலரிலும் ஒரு கறையைப் போட்டு, அதற்கும் ஒரு சொல்லை ஒட்டினாள்.

பரீட்சையில் அவள்தான் முதல். நிர்வாகி கை குலுக்கினார். கட்டுப் போடும் அறை அவளுடையதாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து முட்டை அவித்தாள், இனி என்ன என்று. ஓட்டை உரித்ததும் குபுக்கென்று வாய்க்கு வந்துவிட்டது. தொட்டியில் கொட்டிவிட்டு நின்றாள்.

முட்டை கிடக்கட்டும். அவன் "நம்ம வீட்டு முதல் மார்க்கு" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினான். விரல் இடுக்குகளில் அந்தச் சொல் வெளுத்து ஊறிக்கொண்டு இருந்தது. அவள் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, ஏதோ அடுப்பில் இருக்கிற மாதிரி உள்ளே போய், சோப்புப் போட்டுக் கை கழுவினாள். திரும்பி வந்தபோது அவன் நீட்டிய கையைத் தன் மடிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் இதே கதைதான். அவன் சாப்பிட உட்கார்ந்தால் அவள் எழுந்துவிடுவாள். அவன் பக்கத்தில் வந்தால் ஜன்னலைத் திறப்பாள். முன்பின் தெரியாதவன் புண்ணைக் கையால் பிழிகிறவளுக்குக் கட்டிய கணவனின் கழுத்தைப் பார்த்தால் குமட்டியது. இதைவிடக் கேவலம் உண்டா? ஒருநாள், "காலு கொஞ்சம் கடுக்குது, நான் முன்னறையிலேயே படுத்துக்கறேன்" என்றான். நாள் முழுக்க வண்டியில் உட்காருகிறவனுக்குக் காலில் என்ன கடுப்பு என்று அவள் கேட்டிருக்க வேண்டும். "சரிங்க" என்றாள். நிம்மதியாகக்கூட இருந்தது.

கொஞ்ச நாளில் வீட்டில் வாடையும் அடிக்க ஆரம்பித்தது. இனிப்பும் அழுகலுமாக, மூடி வைத்த புண்ணின் வாடை. முன்னறைப் பக்கம் போனால் தூக்கலாக இருந்தது. சொற்கள் கண்ணிலிருந்து மூக்குக்கும் ஏறிவிட்டன என்று அவள் பயந்துபோனாள். தலையணை உறைகளைத் துவைத்தாள், தரையில் மருந்து போட்டுத் துடைத்தாள், தன் மூக்கைத் தானே திட்டினாள். வாடை போகவில்லை.

பொறுக்க முடியாமல் மாஸ்டரிடம் போனாள். புது வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"ஒட்டினதை எடுக்கணும் சார். எப்படின்னு சொல்லுங்க."

"எடுக்கறதா? ஒட்டினது போகாதுங்கறதுதானே என் கேரண்டி!" அவர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "இவங்கதான் நான் சொன்ன சிஸ்டர். முதல் மார்க். சொல்லுங்க சிஸ்டர், கூச்சப்படாதீங்க, வீட்டுக்காரர் மேல எங்க எங்க என்ன என்ன ஒட்டினீங்க?"

முன் வரிசை ஆவலாக அவள் வாயைப் பார்த்தது. மேஜைமேல் ஒரு பிஸ்கட் பொட்டலமும் தேநீரும் தயாராக இருந்தன. எத்தனையோ பிணவாடையைத் தாங்கிய மூக்கு, அந்த ஆளின் வாசனைத் திரவியத்தைத் தாங்கவில்லை. "தூ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் கட்டுப் போடும் அறையில் கூட்டம். சீட்டு வாங்கியவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, உதவிக்காரி ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். கட்டு சிஸ்டர் கை கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றாள். அடுத்த ஆள் உள்ளே வந்தபோது முதலில் வாடைதான் வந்தது. இனிப்பும் அழுகலுமாக, அவள் வீட்டு வாடை.

"இங்கயும் வந்துடுச்சா" என்று வெறுத்துப்போய்த் திரும்பினாள். திரைக்குப் பக்கத்தில், கையில் சீட்டோடு, வெளுத்த சட்டையில் கணவன் நின்றான்.

நாற்காலியில் உட்கார்ந்து காலைப் பலகையில் வைத்தான். பழைய துண்டைக் கிழித்து அவனாகவே சுற்றிக்கொண்ட கட்டு. கிடங்கில் கொடுத்த புது பூட்ஸ் கடித்த இடம். அவள் பிரித்தாள். முகம் சுளிக்காமல், எப்போதும் போலக் குனிந்து கிட்டே பார்த்தாள். மஞ்சள் படிவு, வழியும் நீர், வெளுத்து ஊறிய ஓரம், சுண்டுவிரலின் நுனி கறுப்பு. அவள் வீடெல்லாம் பூசி வைத்திருந்தது அத்தனையும் நிஜமாகவே ஒரே பாதத்தில் இருந்தது. அருவருப்பு துளியும் வரவில்லை. வந்ததெல்லாம், இத்தனை நாள் இதை முகர்ந்துகொண்டு தரையைத் துடைத்த தன்மேல்தான்.

இளம் டாக்டர் வந்தார். "சொல்லுங்க சிஸ்டர்" என்று கணினிக்கு முன் உட்கார்ந்தார். அவள் சொன்னாள். ஒரு சொல் தடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் சொல்லும்போது தேன் பாட்டிலும் முட்டையும் அவன் கழுத்தும் வரிசையாக வந்து போயின. டாக்டர் தட்டி முடித்துவிட்டுக் காலைப் பார்த்தார்.

"சுண்டுவிரலை எடுக்க வேண்டி வரும். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா? வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

"வீட்டுல பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தாங்க டாக்டர்" என்றான் அவன், மரியாதையாக, சுவரைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் அடுத்த அறைக்குப் போனார். அவள் உப்புநீரில் பஞ்சை நனைத்து, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க."

"எப்படிச் சொல்ல? நல்லா இருக்கற மூஞ்சியப் பாத்தே நீ எந்திரிச்சுப் போயிடற. இந்தக் காலை எப்படிக் காட்டறது?" அவன் கையிலிருந்த சீட்டைப் பலகையின் ஓரத்தில் வைத்தான். "சீட்டு வாங்கிட்டு வந்தா யாரா இருந்தாலும் நீ தொட்டுப் பாப்பேன்னு சொன்னாங்க. அதான் வாங்கினேன்."