மேஸ்திரியின் ஒழுகும் பீப்பாய்கள்

"பீப்பாய் ஏன் மேஸ்திரி ஒழுகுது?"

"ஒழுகலீங்க. மரம் மூச்சு விடுது."

"மூச்சுன்னா உள்ளேயும் போகணும், வெளியேயும் வரணும். இது வெளியே மட்டும்தானே வருது?"

"அப்ப அது பெருமூச்சுங்க."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பீப்பாய் அறையில் மூக்குக்கும் பீப்பாய் செய்கிற மேஸ்திரிக்கும் நடந்த பேச்சு இது. இன்றைக்கும் தனியாக இருக்கும்போது அதை நினைத்தால் மூக்குக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மூக்கு என்பது அவளுக்கு அண்ணி வைத்த பெயர். காரணப் பெயர்தான். அண்ணன் வயலில் விளைந்த சோளத்தை முளைகட்டி, தோட்டத்தில் கழித்துப்போட்ட பழமரக் கிளைகளின் புகையில் உலர்த்தி, அரைத்து, புளிக்கவைத்து, செப்புக் கலத்தில் காய்ச்சி விஸ்கி வடிப்பது குடும்பத் தொழில். வடிந்து வருவதில் எதைக் கொட்ட வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்பதை அவள் மூக்குதான் சொல்லும். மிஞ்சிய சக்கை அண்ணனின் மாடுகளுக்கு. கடைக்காரர்களைச் சமாளிப்பது அண்ணி.

"எங்க விஸ்கியில எங்க மண்ணு, எங்க தண்ணி, எங்க புகை. வெளியிலேர்ந்து வந்தது நான் ஒருத்திதான்" என்று அண்ணி கடைக்காரர்களிடம் அளப்பாள். அந்தப் பெருமைக்காகத்தான் பீப்பாயும் பக்கத்து மலையில் காற்றுக்குச் சாய்ந்த ஓக் மரத்தில் செய்ததாக இருக்க வேண்டும் என்று மேஸ்திரியைத் தேடிப் பிடித்தாள்.

மூக்கால் தொழில் வளர்ந்தது, கல்யாணம்தான் நடக்கவில்லை. பார்க்க வந்த ஒருவர் மேல் அந்துருண்டை வாசனை. இன்னொருவர் தலையில் ஒரு சென்ட் கடையே இருந்தது. நாற்பதை நெருங்கியபோது வரன்கள் வருவதும் நின்றுபோனது. "இவளுக்கு மனுஷன் சரிப்படாது, ஒரு பூந்தொட்டியைத்தான் கட்டி வைக்கணும்" என்றாள் அண்ணி.

மேஸ்திரியும் தனிக்கட்டைதான். அவர் மேல் அப்போதுதான் சீவிய மரத்தின் வாசனை வந்தது. முதல் நாளே மூக்கு தோற்றுப்போனது.

அவர் செய்து தந்த முதல் பீப்பாய்களே ஒழுகின. பலகைக்கும் பலகைக்கும் நடுவே, சொட்டு இறங்காமல் இருக்க, ஏரிக்கரைக் கோரையைக் காயவைத்துச் செருகுவது அவர் வழக்கம். ஒழுகிய இடத்தில் மூக்கு குனிந்து மோந்து பார்த்தாள். மற்ற இடுக்குகளில் எல்லாம் கோரை வாசனை. அந்த ஒரு இடுக்கில் மட்டும் இல்லை. இந்த வேலையில் ஊறிப்போன மனுஷன் கோரை வைக்க மறப்பாரா? வேண்டுமென்றே விட்டிருக்கிறார். எதற்கு? திரும்ப வருவதற்கு!

அன்று அவள் கண்ணாடி முன்னால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். அண்ணியிடம் மூச்சு விடவில்லை.

அவர் வந்தால் வேலை சாயங்காலம் வரை இழுக்கும். கவிழ்த்துப்போட்ட தொட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு அவள் டீ கொடுப்பாள். கிளம்புகிற நேரத்தில் மேஸ்திரி தொண்டையைச் செருமுவார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா..."

"கேளுங்க."

"இந்த ரூம்ல காலை வெயில் எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?"

"கிழக்குலேர்ந்துதான் மேஸ்திரி. நாங்க இன்னும் அதை மாத்தல."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பீப்பாய்கள் ஒழுகுவது நின்றுவிட்டது. எல்லா இடுக்கிலும் ஒழுங்காகக் கோரை. கொண்டுவந்து இறக்குவார், போய்விடுவார். மாதக்கணக்கில் ஆளைக் காணோம். மனுஷனுக்கு மனசாட்சி உறுத்திவிட்டது போலிருக்கிறது. அவருக்கு உறுத்தினால் அவள் என்ன செய்வாள்?

சுத்தியலை இடது கையில் எடுத்தாள்; அவளுக்கு அதுதான் பழக்கம். பீப்பாயை இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்பு வளையத்தில் மெதுவாக நாலு தட்டு. வளையம் ஒரு நூல் நகர்ந்தது. மறுநாள் காலை தரையில் ஈரம். போனை எடுத்து, கவலை தோய்ந்த குரலில், "மேஸ்திரி, மறுபடியும் ஒழுகுது" என்றாள். வேலியே பயிரை மேய்ந்தது. மேய மேய ருசியும் கண்டது.

அண்ணிக்கு மட்டும் பொறுமை போனது. "நம்ம விஸ்கியைக் குடிக்கிறவங்கள்ல முதலிடம் யாரு தெரியுமாடி? இந்தத் தரை" என்று துடைத்துக்கொண்டே புலம்பினாள். ஒருநாள் மேஸ்திரியை வரச்சொன்னாள்.

பீப்பாய் அறையில் மூன்று பேரும் நின்றார்கள். அண்ணி சுற்றி வளைக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க மேஸ்திரி. வெளியூர்லேர்ந்து ரெடிமேட் பீப்பாய் வாங்கலாம்னு இருக்கேன்."

மூக்குக்குத் திக்கென்றது. நம் சோளம், நம் புகை, கடைசியில் ஏதோ ஊரின் மரமா? வாய் திறக்கப் போனாள். அதற்குள் மேஸ்திரி பேசிவிட்டார்.

"நானே சொல்லணும்னு இருந்தேங்க. எவ்வளவு கவனமா செஞ்சாலும் ஒழுகுது. ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன், காரணம் புரியல. என் கை போயிடுச்சு. துறைமுகத்துல ஜன்னல் கதவு செய்யற கம்பெனி ஒண்ணு கூப்பிடுது. அடுத்த வாரம் போறேன்." தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ஜன்னல் ஒழுகாது பாருங்க."

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மூக்குக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் தட்டிய தட்டெல்லாம் வளையத்தில் விழவில்லை; இந்த மனுஷனின் கையில் அல்லவா விழுந்திருக்கிறது! இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் மிஞ்சும், மேஸ்திரி மிஞ்சமாட்டார்.

"உங்க கை போகல மேஸ்திரி" என்றாள். "வளையத்தைத் தளர்த்தினது நான்தான்."

"என்னது?" என்றாள் அண்ணி.

மேஸ்திரி குனிந்து வளையத்தைத் தடவிப் பார்த்தார். சுத்தியல் தழும்புகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. நிமிர்ந்து அவள் இடது கையைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் கோபம் வந்தது. அது நிலைக்கவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றார். "முதல்ல செஞ்ச பீப்பாய்ங்க... அதுல கோரை வைக்காம விட்டது நான்தாங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

"வாசனை வரலையே."

அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடப்பாவிங்களா! நல்ல பீப்பாயை இவர் ஓட்டையாக்குவாராம், இவர் அடைச்சா அதை இவ தொறப்பாளாம். நடுவுல நான் ஒருத்தி மாப்பு போட்டுக்கிட்டு! எதுக்குடி இதெல்லாம்?"

மேஸ்திரி கூரையைப் பார்த்தார். மூக்கு தரையைப் பார்த்தாள். அண்ணிக்கு மெல்ல விளங்கியது. விளங்கியதும் அவள் கண்ணில் ஒரு விஷமம் ஏறியது.

"சரி. கையில கோளாறு இல்லேன்னு ஆச்சு. வெளியூர் பீப்பாய் வேண்டாம்னு சொல்லிடறேன். ஆனா இனிமே ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. வருஷத்துக்கு ஒருதடவை புது பீப்பாயைக் கொண்டுவந்து வச்சுட்டுப் போங்க. நடுவுல உங்களுக்கு இங்க என்ன வேலை? நீங்க பாட்டுக்குத் துறைமுகத்துலயே இருக்கலாம்."

சொல்லிவிட்டு நகரவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, படம் பார்க்க வந்தவள் மாதிரி சுவரில் சாய்ந்து நின்றாள்.

மேஸ்திரி உளி, சுத்தியல்களைப் பையில் போட்டார். வாசல்வரை போனவர் திரும்பினார். தொண்டையைச் செருமினார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு..."

"கேளுங்க" என்றாள் மூக்கு.

அவர் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"மாடுங்கல்லாம் சௌக்கியமா?"

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

மூக்கு போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மாடு சௌக்கியம். சோளம் சௌக்கியம். அண்ணன் பரம சௌக்கியம். நான்தான் மேஸ்திரி ரெண்டு வருஷமா சௌக்கியமா இல்ல. இனிமே நீங்க பீப்பாயைப் பார்க்க வர வேண்டாம். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்கேயே இருந்துடறீங்களா?"