ஈரக் குச்சி

...நின்றுவிட்டது, சரி, நிற்கட்டும், நின்ற வண்டியைத் திட்டி என்ன ஆகப்போகிறது, மேட்டில் ஏறும்போதே இரண்டு தரம் இருமியது, உச்சிக்கு வந்ததும் மூச்சை விட்டது, இருந்த வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்து பூட்டிக் கிடக்கிற இந்தக் கிடங்கின் மதிலோரம் ஒதுக்கிவிட்டேன், அதுவரை சரியாகத்தான் செய்திருக்கிறேன். இந்த பஸ்ஸுக்கு என் கல்யாணத்தைவிட வயது அதிகம், இரண்டில் எது முதலில் நிற்கும் என்று யாராவது கேட்டிருந்தால் பஸ் என்றுதான் சொல்லியிருப்பேன். சாயங்காலம் அவள் வருகிறாள். இருட்டுவதற்குள் வந்து தையல் மெஷினை எடுத்துக்கொண்டு போவதாக நேற்று போனில் சொன்னாள், வீட்டில் இருக்க முடிந்தால் இருங்கள் என்றாள், சரி என்றேன், எதற்குச் சரி, இருப்பதற்கா, எடுத்துப் போவதற்கா, அவளும் கேட்கவில்லை. மெஷினும் போய்விட்டால் அந்த வீட்டில் அவளுடையது என்று ஒரு சாமான் கிடையாது, அப்புறம் திரும்பி வருவதற்குச் சாக்குத் தேடினாலும் கிடைக்காது. வீடு எங்கேயோ இருக்கிறது, நான் எங்கேயோ இருக்கிறேன், சீக்கிரம் கிளம்பினால் பொழுதோடு போய்ச் சேரலாம், தவறினால் மெஷின் இல்லாத காலி ஜன்னலோரத்தைத்தான் பார்க்க வேண்டும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன... அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் கை மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை.

ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் கிளம்பு, இதற்கு மேல் எனக்கும் கண்டக்டருக்கும் பேச்சு கிடையாது, ஏனென்றால் அவன் அவளுடைய தம்பி. அவள் பையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போன மறுநாளும் எங்களுக்கு இதே வண்டியில்தான் டூட்டி, டூட்டி போடுகிறவருக்கு எங்கள் குடும்பச் சண்டை தெரியுமா என்ன. மற்றதெல்லாம் பழகிவிட்டது, டீசல்தான் சிக்கல். மீட்டர் முள் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, காலையில் டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்து, முக்கால் இருக்கு மாமா, பாதிதான் மாமா, பங்க்குல நிறுத்துங்க என்று குரல் கொடுப்பான், இப்போது குரல் இல்லை, நனைந்த குச்சியை என் சீட்டுப் பக்கத்தில் சாய்த்துவிட்டுப் போய்விடுகிறான், ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரை டீசல் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. இன்றைக்கு ஈரம் மேலே வரை இருந்தது. இருந்ததா... குச்சியை எடுத்து மேல் பக்கத்தை மூக்கில் வைத்துப் பார்த்தேன், டீசல் வாடையே இல்லை. விடியற்காலைத் தூறல். என் சீட்டுக்கு நேர் மேலே கூரை ஒழுகும், பஸ்ஸில் ஏறுகிற அத்தனை பேருக்கும் தெரிந்த ஒழுகல். மழைத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, டேங்க் நிறைய டீசல் இருக்கிறது என்ற தைரியத்தில் பங்க்கைத் தாண்டி வந்திருக்கிறேன், இவனும் விசில் அடிக்கவில்லை. சிரிப்புத்தான் வந்தது, பயணிகள் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

கேனை நீட்டினேன், வாங்கிக்கொண்டு ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போனான், அதற்கும் பேச்சு தேவைப்படவில்லை. பயணிகள் இறங்கி மதில் நிழலில் உட்கார்ந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் வந்து எப்போது கிளம்பும் என்றார், டீசல் வந்ததும் என்றேன், டீசல் எப்போது வரும் என்றார், போனவன் வந்ததும் என்றேன், இந்த ஆளிடம் கேட்பதற்குக் கிணற்றில் கல்லைப் போடலாம், சத்தமாவது வரும் என்று பக்கத்து அம்மாளிடம் சொன்னார். என் வீட்டிலும் இதைக் கேட்டிருக்கிறேன். வண்டியில ஒரு நட்டு ஆடினாக்கூட உங்களுக்குக் கேக்குது என்று ஒருநாள் சொன்னாள், நான் அதைப் பாராட்டு என்று நினைத்தேன், வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடும், திடீரென்று நிற்கும், அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடி கூடத்துக் கதவருகே வந்து நிற்பாள், நான் பேப்பரில் இருப்பேன், கொஞ்ச நேரத்தில் மறுபடி மெஷின் ஓடும். ஓடினால் சரி, எல்லாம் நன்றாக இருக்கிறது. பழைய மெஷின் அது, மேஜையும் காலும் கெட்டி இரும்பு, ஒற்றை ஆள் நகர்த்த முடியாது, வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலோரம் மாற்றியபோது ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம், உங்க பக்கம் கொஞ்சம் தாழ்த்துங்க, தாழ்த்துங்க என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நிழல் மதிலை விட்டு நீண்டுகொண்டே போனது. அவள் இந்நேரம் கிளம்பியிருப்பாள்.

அவன் வந்தான், ஊற்றினான், ஆனால் காலியாக ஓடி நின்ற டீசல் வண்டி ஊற்றியதும் கிளம்பிவிடாது, குழாயெல்லாம் காற்று, அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவன் சக்கரத்துப் பக்கம் குந்தி கைப்பம்பை அடிக்க வேண்டும், ஒருவன் மேலே பானெட்டைத் திறந்து நட்டைத் தளர்த்தி நுரை வருகிறதா, டீசல் வருகிறதா என்று பார்க்க வேண்டும், மேலே இருப்பவனுக்குக் கீழே தெரியாது, கீழே இருப்பவனுக்கு மேலே தெரியாது. வாயைத் திறக்காமல் முடியாத வேலை. நான் ஸ்பேனரை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன், அவன் கீழே சும்மா குந்தியிருந்தான்.

"அடி," என்றேன்.

அடித்தான். நுரை பொங்கியது. நிறுத்து என்றேன், அடி என்றேன், இன்னும் காற்று இருக்கிறது என்றேன், இத்தனை நாளைக்கும் சேர்த்துப் பேசியதுபோல வாய் வலித்தது.

"குச்சி மழையில நனைஞ்சதைக் காலையிலேயே பாத்தேன் மாமா," என்றது கீழே இருந்து குரல். "சொல்லலாம்னு வந்து படிகிட்ட நின்னேன். நீங்க வண்டி முன் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இருந்தீங்க."

"கூப்பிட வேண்டியதுதானே."

"நிமிர்ந்து பாப்பீங்கன்னு நின்னேன்."

நட்டு வழியாகக் குமிழி இல்லாமல் டீசல் வந்தது, முறுக்கினேன், விரலெல்லாம் வழிந்தது. படிகிட்ட நின்னேன். கதவருகே நின்றவளும்... அவளுக்கும் ஏதோ ஒரு டேங்கில் ஏதோ குறைந்திருக்கும், அதைச் சொல்லத்தான் வந்து வந்து நின்றாளோ என்னவோ, ஒன்றுகூட எனக்குத் தெரியாது, இனிமேல் கேட்டால் அவளுக்கே ஞாபகம் இருக்குமா. பானெட்டை மூடிவிட்டு சீட்டில் உட்கார்ந்தேன். சாவியைத் திருகினேன், ஒரு முனகல், ஒரு புகை, பிடித்துக்கொண்டது. மதிலோரம் இருந்தவர்கள் தட்டிக்கொண்டு எழுந்தார்கள், கண்ணாடிக்காரர்தான் முதலில் ஏறினார். இவன் துணியில் கை துடைத்தபடி என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான், நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன், கழுத்துக்கு அது புதுப் பழக்கம்.

"சாயங்காலம் மெஷினைத் தூக்க நீ போக வேண்டாமா?"

"வரேன்னுதான் சொன்னேன். லீவுகூட எழுதிக் குடுத்தேன். அக்காதான் நீ டூட்டிக்குப் போ, வேண்டாம்னுடுச்சு."

"வேற யாரு வராங்க?"

"யாரும் வரல மாமா," என்று சொல்லிவிட்டுப் பின்படிக்குப் போனான். இரண்டு விசில் வந்தது. கியரைப் போட்டேன், வெயில் கண்ணுக்கு நேரே இறங்கிக்கொண்டிருக்கிறது, இந்த வேகத்தில் போனால் சேரலாம், சேராமலும் போகலாம்... அந்த இரும்பை ஒற்றை ஆளாக அவளால் வாசல்வரைகூடக் கொண்டுபோக முடியாது, அது அவளுக்குத் தெரியும், அப்படியானால் மறுபக்கம் பிடிக்க யார் இருப்பார்கள் என்று நினைத்துத் தம்பியை டூட்டிக்கு அனுப்பினாள்?