எட்டாவது பெயர்

பள்ளத்தாக்குக்கு நூறு வயதாகிறதாம். முதலில் குடியேறிய ஏழு குடும்பங்களின் பெயரைக் கல்லில் வெட்டி, ஊரின் முதல் கிணற்றோரம் நடப்போகிறார்கள். கிணறு வெட்டுகிறவருக்கு வயிறு எரிந்தது. அந்த ஏழு பேரும் வண்டி கட்டி வருவதற்கு முந்தைய கோடையிலேயே வந்து, தனியாளாகப் பாறையைக் குடைந்து தண்ணீர் காட்டியவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. அவர் இல்லாவிட்டால் இவர்கள் எதைக் குடித்து இங்கே குடியேறியிருப்பார்கள்?

விழாக் குழுத் தலைவரிடம் போய் நின்றார்.

"எட்டாவதா எங்க பேரையும் போடுங்கண்ணே."

"உங்க கொள்ளுத்தாத்தா கூலிக்கு வந்தவர்தானேப்பா?" தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, ஆதாரம் இருந்தா காட்டு. பாப்போம்."

ஆதாரம் இருந்தது. ஊற்றுக்கண் திறக்கும் இடத்தில் தன் அடையாளத்தை உளியால் கொத்துவது அந்தக் குடும்பத்து வழக்கம். கொள்ளுத்தாத்தாவின் அடையாளம் ஒரு கடப்பாரை, மூன்று புள்ளி. ஆனால் அது நாற்பதடித் தண்ணீருக்குக் கீழே கிடந்தது. ஊருக்குக் குழாய் வந்தபின் அந்தக் கிணற்றில் ஒரு வாளிகூட இறைத்தவர் இல்லை.

"இறைச்சபிறகு ஊறலைன்னா?" என்றாள் மனைவி.

"நூறு வருஷமா வத்தாத கிணறு. ரெண்டே நாள்ல ஊறிடும். எனக்கே பாடம் நடத்துறியா?"

இரண்டு மோட்டார் வைத்துப் பகல் முழுக்க இறைத்தார். ஊரே எட்டிப் பார்க்க, சேற்றுக்கு மேலே கடப்பாரையும் மூன்று புள்ளியும் தெரிந்தன. தலைவரே குனிந்து பார்த்து, "போட்டுடலாம்ப்பா," என்றார்.

இரண்டு நாள் ஆயிற்று. ஊறவில்லை. நான்காம் நாள் சேறு வெடித்தது. உள்ளே இறங்கி ஊற்றுக்கண்ணில் கை வைத்தார், சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஏழு குடும்பத்துத் தோட்டத்திலும் ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்த்துக் கொடுத்தது யார்? சாட்சாத் இவரேதான். தண்ணீர் பீய்ச்சி அடித்தபோது முதல் ஆளாகக் கைதட்டியதும் இவர்தான். அந்த ஆழ்துளைகள் உறிஞ்சி ஊற்று எப்போதோ செத்துவிட்டது. இத்தனை நாளும் தேங்கி நின்றது மழைத் தண்ணீர்.

விழாவன்று ஏழு குடும்பமும் வெறுங்கிணற்றை எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டின. ஆழ்துளையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. கல்லில் ஏழு பெயர்தான் இருந்தது.

"எந்த முகத்தோட உன் பேரைப் போடச் சொல்ற?" என்றார் தலைவர்.

நூறு வருஷமாகக் கிடைக்காத பெயர் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவர் மகளை இப்போது, "கிணத்தை வத்த வச்சவன் பொண்ணு," என்றுதான் கூப்பிடுகிறார்கள்.