பின்வீட்டாரிடம் பேசக் கூடாது

ரேடியோ அக்காவுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் யாரோ, அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பால் வாங்கப் போனால் பால் திரியும்வரை பேசிவிட்டு வருபவள் அவள். "முடி வெட்டுற கடை வச்சிருக்கேன். வாய் இல்லேன்னா கத்திரி மட்டும் என்ன பண்ணும்?" என்று அதற்கு நியாயமும் சொல்வாள்.

அவள் வீட்டை விற்கப்போகும் செய்தியைத் தெருவுக்குச் சொன்னதும் அவளேதான். வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தன. மாடியில் இருந்த படுக்கையறைக்கு ஏற முடியாமல், கூடத்துச் சோபாவில் படுத்து முக்காலிமேல் காலை நீட்டித்தான் தூங்கினார். தூக்கத்தில் கால் நழுவி அவர் "அம்மா!" என்று அலறும்போதெல்லாம் அக்கா எழுந்து ஓடிவந்து காலைத் தூக்கி வைப்பாள். அதனால்தான் ஒரு கீழ்த்தள ஃபிளாட்டைப் பேசி வைத்திருந்தார்கள். இந்த வீடு விற்றால்தான் அது கைக்கு வரும். ஃபிளாட்டுக்காரரோ, "மாசக் கடைசிவரைக்கும்தான் காத்திருப்பேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வீடு விற்பது என்றால் நாலு வார்த்தை பேசிக் கைகுலுக்குவது என்று அக்கா நினைத்திருந்தாள். அங்கேதான் வக்கீல்கள் வந்தார்கள். வாங்குகிறவர்கள் கேட்பதை அவர்கள் வக்கீல் கேட்பார். விற்கிறவர்கள் சொல்வதை இவர்கள் வக்கீல் சொல்வார். கூரை எப்போது மாற்றியது, ஓரத்து மரம் யாருடையது, சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேள்வி வந்தபடியே இருந்தது. "இவங்க வீடு வாங்குறாங்களா, என் மேல கேஸ் போடுறாங்களா?" என்றாள் அக்கா.

அப்புறம்தான் வீட்டுப் பக்கவாட்டில் இருந்த சந்து பற்றிய கேள்வி வந்தது. சந்து அக்காவின் நிலத்தில் இருந்தது. ஆனால் பின்வீட்டு அண்ணன் வருஷக்கணக்காக அதில்தான் போய்வந்தார். அவர் வீட்டு முன்வாசலில் செங்குத்தான படிகள். மனைவியோ சக்கர நாற்காலியில். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக இந்தச் சமதளச் சந்தை விட்டால் வேறு வழி கிடையாது. இதெல்லாம் வாய்வார்த்தையாக நடந்தது. எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

அக்காவின் வக்கீலம்மா வார்த்தையை எண்ணிப் பேசுகிற ரகம். "நாளைக்கு அவர் உரிமை கேட்டு கோர்ட்டுக்குப் போனா வாங்குறவங்களுக்குத் தலைவலி. அப்படி கேஸ் வந்தா நஷ்டத்த இன்சூரன்ஸ் கம்பெனி ஏத்துக்குற மாதிரி ஒரு காப்பீடு எடுத்துக் கொடுத்துடலாம். சீக்கிரம் முடியும். ஒரே ஒரு நிபந்தனை, அவர்கிட்ட நீங்க இதப் பத்தி மூச்சு விடக் கூடாது. விட்டா நாமே அவர உசுப்பிவிட்ட மாதிரி ஆயிடும், கம்பெனி காப்பீடு தராது."

"மூச்சே விடக் கூடாதா?"

"பேசக் கூடாதும்மா."

அக்காவை வாய் பேசாதே என்பது மீனைத் தண்ணீர் குடிக்காதே என்பது மாதிரி. ஆனாலும் அவள் பேசவில்லை. பின்வீட்டு அண்ணன் தலையைக் கண்டாலே துணி மடிக்க உள்ளே ஓடினாள். மடித்த துணியையே மறுபடி மடித்தாள். "ரேடியோல பேட்டரி போயிடுச்சு போல" என்று தெரு சிரித்தது. கணவருக்கோ பயம் வந்துவிட்டது. "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு காலை குப்பை கொட்ட வந்தவளை அண்ணன் சந்திலேயே மடக்கினார். நாற்காலியில் மனைவி, மடியில் மருந்துப் பை.

"என்னம்மா, நான் எதுவும் தப்பா பேசிட்டேனா? மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போற?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே."

"புதுசா வர்றவங்க இந்தச் சந்தப் பூட்டிடுவாங்களான்னு இவ தூங்கவே மாட்டேங்குறா. நீ சொல்லு, பூட்டிடுவாங்களா?"

நாற்காலியில் இருந்தவள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் அக்காவால் தாங்க முடியவில்லை. வக்கீல், காப்பீடு, நிபந்தனை என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டாள்.

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "சரி, விடு. நீ பேசினது யாருக்குத் தெரியும்? மதில் வந்து சாட்சி சொல்லப்போகுதா?"

அக்காவும் அதே தைரியத்தோடுதான் வக்கீல் ஆபீசுக்குப் போனாள். வக்கீலம்மா ஒரு தாளை நீட்டி, பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார். "பின்வீட்டாரோட இது சம்பந்தமா பேசலன்னு எழுதியிருக்கு. கீழ கையெழுத்துப் போடுங்க."

அக்கா பேனாவை வாங்கினாள். முக்காலியிலிருந்து நழுவும் கணவரின் கால் கண்முன் வந்தது. கூடவே அந்த மருந்துப் பையும் வந்து தொலைத்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"பேசிட்டேன் வக்கீலம்மா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். திட்டுவார் என்று அக்கா காத்திருந்தாள்.

"எங்கம்மாவும் இப்படித்தான்" என்றார் அவர். "காப்பீடு போச்சு. இனிமே ஒரே வழிதான். அவருக்கு அந்தச் சந்துல நடக்க உரிமை உண்டுன்னு முறையா எழுதணும். அவர் ஒத்துக்கணும், வாங்குறவங்களும் ஒத்துக்கணும். மாசக் கடைசிக்குள்ள முடியாது."

"முடியவே முடியாதா?"

"முடியாதும்மா. அந்த ஃபிளாட்ட மறந்துடுங்க."

அப்படியே ஆயிற்று. ஃபிளாட் கைமாறிப் போனது. "வக்கீல் வாசல மிதிக்க மாட்டேன்" என்ற பின்வீட்டு அண்ணனை அக்காவே கையைப் பிடித்து இழுத்துப் போகாத குறையாக ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனாள். வாங்குகிறவர்கள் பின்வாங்கப் பார்த்தார்கள். பிறகு, சந்தைச் சுத்தமாக வைப்பதில் அண்ணனும் பங்கெடுக்க வேண்டும் என்று எழுதியதும் இறங்கி வந்தார்கள். அதற்குள் கணவர் இன்னும் எத்தனையோ இரவு சோபாவில் அலறினார். ஒருநாள்கூட "உன் வாயாலதான்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று அக்கா பொருமினாள்.

கடைசியில் கிடைத்தது வேறொரு கீழ்த்தள ஃபிளாட். வெளிச்சம் குறைவு. சமையலறையில் ஒருவர் திரும்ப வேண்டுமானால் இன்னொருவர் வெளியே போக வேண்டும்.

சாமான் இறக்கிய அன்று, கட்டிலைப் பொருத்தி முடித்ததுமே கணவர் அதில் ஏறி இரண்டு காலையும் நீளமாக நீட்டினார். விரிப்புகூடப் போடவில்லை.

"கொஞ்சம் இருட்டா இருக்குல்ல?" என்றாள் அக்கா மெதுவாக.

பட்டப்பகலில் அவர் குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.